ரமண மகரிஷிகளின் இறுதி நோயும் மருந்தும்

பாண்டி நாட்டுத் திருச்சுழியலில் சுந்தரமையர், அழகம்மையார் என்பார்க்கு 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மகவாய்த் தோன்றிய வேங்கடராமனே பின்னர் ரமண மகரிஷிகள் எனப் பெயர் பெற்றார். பதினாறாம் வயதில் மதுரையில் மரணபயம் தோன்ற, அதனை உள்ளே ஆராய்ந்து அச்சம் நீங்கினார். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை அடைந்தவர் அத்தலத்தை விட்டுப் பின் அகன்றிலர். இச்சரிதம் பலரும் அறிந்ததே. அவர்தம் திருமேனிக்கு இறுதியில் நிகழ்ந்த மருத்துவமே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

1949ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இடமுழங்கையின் கீழ்ச் சிறு கட்டி ஒன்று தோன்றிற்று. பிப்ரவரியில் அதனை அறுத்து நீக்கினர். ஒரு திங்களுக்குள் அது மீளவும் வளர்ந்தது. மார்ச்சில் சென்னையினின்று வந்த மருத்துவர் இரண்டாம் முறை அறுத்தார். சோதனையில் அது சார்க்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெளிந்தது. தசை, கொழுப்பு முதலிய மெல்லிய திசுக்களில் தோன்றும் இவ்வகைக் கட்டி, சுற்றிலுமுள்ள நல்ல தசையையும் சேர்த்து அகல அறுத்தாலன்றி அவ்விடத்தே மீண்டும் முளைக்கும் இயல்பினது. ரேடியம் வைத்தும் பார்த்தனர். கையையே துணித்தல் வேண்டுமென மருத்துவர் கருதினர். மகரிஷிகள் அதற்கு உடன்பட்டிலர்.

பின்னர்ப் பச்சிலை வைத்தியம் நடந்தது. கட்டி அடங்காமையின் ஆகஸ்டில் மூன்றாம் முறையும், டிசம்பரில் நான்காம் முறையும் அறுவை நிகழ்ந்தது. அதன்மேல் ஹோமியோபதியும் ஆயுர்வேதமும் கையாளப்பட்டன. எம்முறையையும் மகரிஷிகள் தாமே வேண்டினாரல்லர். அன்பர் விரும்பியதை மறுத்ததும் அரிது. நோய் முற்றிய நாளிலும் அன்பர்க்குத் தரிசனம் அளித்தலை நிறுத்த ஒருப்பட்டிலர். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்குத் தம் எழுபதாம் வயதில் உடல் நீத்தார்.

ஞானியர்க்கு நோய் வருதல் என்னை எனச் சிலர் வினவுவர். மகரிஷிகள் கொண்ட நெறி நம் சித்தாந்தத்தின் வேறாயினும், இதற்கு விடை நம் நூல்களிலேயே உண்டு. எடுத்த உடம்பிற்குரிய பிராரத்தம் உடலூழாய் நின்று நுகர்ந்தே கழியும். சீவன்முத்தர்க்கும் அஃது ஒழியாது. ஆகலின் நோய் கண்டு ஞானத்தை ஐயுறுதல் பிழை.

அற்றேல் மருந்து எற்றுக்கு எனின், கூறுதும். நோயின் முடிவு வினைவழிப்பட்டதாயினும், உடம்பைப் பேணுதல் உடனிருப்பார் கடன். ஆனால் அன்பின் மிகுதியால் பல மருந்துகளையும் ஒருங்கே தேடுவார் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இத்தகைய கட்டி சிறிதாயிருக்கும்போதே அகல அறுத்தலும் கதிர்ச்சிகிச்சையும் மிகுந்த பயன் தருவன. அவற்றை ஒத்திவைத்து வேறு மருந்தில் காலம் போக்குதல் கேடாம். மூலிகை சில, புற்றுநோய் மருந்தின் வலியைக் குறைத்தலும் நஞ்சைப் பெருக்கலும் கூடும். ஆகவே பிறமுறை மருந்து எதனைக் கொள்ளினும், முதன்மையாகச் சிகிச்சை செய்யும் மருத்துவர்க்கு மறையாது உரைத்தே கொள்க. நோய் தீராதெனத் தெளிந்தவிடத்து, துன்பம் தணித்தலும் உடனிருத்தலுமே மருந்தாம். அந்நிலையில் நோயுற்றார் விரும்பாத சிகிச்சையை அவர்மேற் சுமத்தாமையும் அன்பே. கையைத் துணிக்க உடன்படாத மகரிஷிகளின் கருத்திற்கு அன்பர் இணங்கியதும் அவ்வன்பின்பாற்பட்டதென்க.