பதவியின் படிகள்: விபுலாநந்த அடிகளின் வாழ்க்கை

தொழில் எதுவாயினும் அதற்குப் படிகள் உண்டு. கற்றுக்கொள்பவன் ஒரு படி. உடனிருந்து உதவுபவன் ஒரு படி. முழுப் பொறுப்பையும் தன் தோளில் ஏற்று நிற்பவன் மற்றொரு படி. மட்டக்களப்பு வாவியின் நடுவே, திமிலதீவில், 1958ஆம் ஆண்டில் அமைந்த விமான நிலையத்தைக் கண்டு வளர்ந்த மாணவர் பலரை நான் அறிவேன். விமானியாக வேண்டும் என்ற ஆசை அவர்களுட் சிலருக்கு எழுவது இயல்பே. தலைமை விமானி ஆவதற்கு எத்தனை ஆண்டு செல்லும் என்று அவர்கள் வினவும்போதெல்லாம், அத்தொழிலின் படிகளைச் சொல்லி, அதனோடு நம் மண்ணிற் பிறந்த ஒருவருடைய வாழ்க்கையையும் சொல்வது என் வழக்கம். அவர் விமானி அல்லர், துறவி. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளையே குறிக்கின்றேன்.

முதலில் விமானியின் படிகளைக் காண்போம். பயிற்சி விமானத்திற் பறக்கப் பழகியவன், ஏறத்தாழ 200 மணி நேரம் பறந்து, வானிலை, வானூர்தி விதிகள், திசையறிதல் முதலிய பாடங்களிலே தேர்ச்சி பெற்ற பின்னரே வணிக விமானி உரிமம் பெறுகின்றான். பின்பு விமான நிறுவனமொன்றிற் சேர்ந்து, வலப்பக்க இருக்கையில் உதவி விமானியாக அமர்கின்றான். 1,500 மணி நேரம் பறந்தவனுக்கே மேனிலை உரிமத்துக்கு உரிமையுண்டு. அவ்வுரிமம் கைவந்த அன்றே அவன் கப்டன் ஆகிவிடுவதில்லை. இடம் காலியாக வேண்டும். மூப்பு வரிசையில் அவன் முறை வரவேண்டும். தனிப் பயிற்சி பெற்றுத் தேர்வாளர் முன்னிலையிற் பறந்து காட்டவேண்டும். அதன் பின்னரே இடப்பக்க இருக்கையும், தோளில் நான்கு பட்டைகளும் அவனுக்கு உரியவாகும்.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பவனும் விமானத்தை ஓட்ட வல்லவனே. ஏற்றுவதும் இறக்குவதும் இருவரும் முறை வைத்துச் செய்யும் தொழில்களே. ஆயினும், புயல் வருங்கால் திரும்புவதா, செல்வதா என்று முடிவு செய்து, அம்முடிவுக்கு விடை சொல்ல வேண்டியவர் கப்டனே. ஆகவே, இப்பதவி உயர்வின் உட்பொருள் பொறுப்பு. பட்டையும் ஊதியமும் அதனைத் தொடர்ந்து வருவன. இவ்வுண்மையை ஆசிரியத் தொழிலிலே நடத்திக் காட்டியவர் அடிகள்.

1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காரைதீவிலே சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்த அவருக்கு இட்ட பெயர் மயில்வாகனம். ஊரிலே தொடங்கிய கல்வி கல்முனையிலும், பின்பு மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும், அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் தொடர்ந்தது. ஆங்கிலக் கல்வி கிறித்தவப் பாதிரிமாரின் கல்லூரிகளிலேயே கிழக்கிலங்கை மாணவருக்குக் கிட்டிய காலம் அது. 1908ஆம் ஆண்டில், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விற் சித்தியெய்திய இளைஞர், தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். விமானியின் வாழ்வோடு ஒப்பிட்டால், இது முதல் உரிமம்.

அங்கேயே தங்கியிருந்தாலும் அவர் நல்ல ஆசிரியர் என்ற பெயருடன் வாழ்ந்திருப்பார். ஆனால் மயில்வாகனனார் 1911ஆம் ஆண்டிற் கொழும்பு சென்று, ஆசிரிய பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து, பயிற்றப்பட்ட ஆசிரியராக மீண்டார். சில ஆண்டு கற்பித்தபின் மறுபடியும் கொழும்பு சென்று, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, 1916ஆம் ஆண்டில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்விலே தேறிய முதற் பண்டிதர் அவரே. ஒரு கையிற் சோதனைக் குழாயும் மறு கையிற் சங்க நூலும் ஏந்திய இளைஞரை அக்கால ஈழத்திலே காண்பது அரிது. அந்த இரட்டைத் தேர்ச்சியே பிற்காலத்தில் அவரை இசையாராய்ச்சிக்கு அழைத்துச் சென்றது.

1917ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலிற் பாடம் சொல்லியும் இரவிற் பாடம் படித்தும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தைப் பெற்றார். 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது. காரைதீவுச் சிறுவன் இருபத்தெட்டாவது வயதில் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் தலைவரானான். இதுவே அவருடைய இடப்பக்க இருக்கை. இந்நிலையை அடைந்தவர் பெரும்பாலும் அதில் நிலைத்திருக்கவே விரும்புவர். ஓய்வூதியம் வரையும் பாதை நேரானது.

அவரோ இரண்டே ஆண்டில் அந்த இருக்கையை விட்டு எழுந்தார். சுவாமி சர்வானந்தரின் தொடர்பால் இராமகிருஷ்ண இயக்கத்திலே மனம் பற்றியவர், 1922ஆம் ஆண்டிற் சென்னை மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரிய நோன்பு பூண்டார். கல்லூரி அதிபராக இருந்தவர் மடத்திலே மீண்டும் கடைசி வரிசையில் அமர்ந்தார். 1924ஆம் ஆண்டுச் சித்திரைப் பௌர்ணமியில், இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். உலகியற் கணக்கின்படி இது பதவியிறக்கம். ஆயின் இதன் பின்னர் அவர் ஏற்ற பொறுப்போ முன்னையதிலும் பன்மடங்கு பெரிது.

இலங்கைக்கு மீண்ட அடிகள், ஒரு கல்லூரியை நடத்துவதோடு அமையாது, கல்லூரி இல்லாத இடத்திற் கல்லூரி அமைக்க முற்பட்டார். கிழக்கு மாகாணப் பாடசாலைகள் பலவற்றின் பொறுப்பு இராமகிருஷ்ண சங்கத்தைச் சார்ந்தது. யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயமும் அவர் கண்காணிப்பில் வளர்ந்தது. 1929ஆம் ஆண்டில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையிலே, தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தாய் தந்தையற்ற சிறுவர் தங்கிக் கற்பதற்கும் அங்கே இல்லம் எழுந்தது. தாம் ஏறிய படிகள் ஏழைச் சிறுவருக்கும் எட்ட வேண்டும் என்பதே இப்பணியின் நோக்கம். ஒரு தலைமை விமானி அடுத்த தலைமுறை விமானிகளைத் தம் அருகிருத்திப் பயிற்றுவதை இதனோடு ஒப்பிடலாம். அவ்விதம் பயிற்றாதவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருப்பினும், அவருடைய அனுபவம் அவரோடு இறங்கிப் போய்விடும்.

பதவிகள் அவரைத் துறந்துவிடவில்லை. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பாரதியாரைப் புலவருலகம் முழுமனத்தோடு ஏற்காத அந்நாளில், அவர் பாடல்களின் பெருமையைப் பல்கலைக்கழக மாணவர் உணருமாறு செய்தார். 1933ஆம் ஆண்டில் அப்பதவியையும் விட்டு மீண்டார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கக் கலைச்சொற்கள் வேண்டுமென்று சென்னையில் நிகழ்ந்த முயற்சியிலே, தலைமை தாங்கி உழைத்தார். இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழைச் சிறிதுகாலம் நடத்தினார். 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டிலே அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். கடலின் இரு கரையிலும் இரு பல்கலைக்கழகங்களில் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் சிறப்பு அவருக்கே உரியது.

இவற்றினூடே ஓர் ஆராய்ச்சி இடையறாது நடந்துகொண்டிருந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் இலக்கணம் கூறும் பகுதிக்குப் பொருள் காணப் புகுந்தவர், மறைந்துபோன பண்டை யாழ்களின் வடிவத்தையும் நரம்புகளின் சுருதிக் கணக்கையும் ஆராயத் தலைப்பட்டார். இலக்கியம் மட்டும் அறிந்தவருக்கு அக்கணக்குப் புலப்படாது. விஞ்ஞானம் மட்டும் அறிந்தவருக்கு அச்செய்யுள் புலப்படாது. 1916ஆம் ஆண்டில் ஒருங்கே பெற்ற இரு தேர்ச்சிகளும் இங்கேதான் பயன் தந்தன. பாடும் மீன் என்று மக்கள் போற்றும் நம் வாவியின் இன்னொலியையும் அவர் செவி மறக்கவில்லை. நீரரமகளிரைப் பற்றிய கவிதையாக அது மலர்ந்தது. பல்லாண்டு உழைப்பின் பயனான யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்டனர். 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாட்களிலே, தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. உடல் நலிந்த நிலையிலும் அடிகள் அங்கே சென்றிருந்தார்.

ஆறு வாரம் கழிந்து, ஜூலை 19ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதிற் கொழும்பிலே அவர் காலமானார். அவருடைய திருவுடல் கல்லடி உப்போடைக்குக் கொணரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. அதே 1947ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நம் நாட்டு இளைஞர் விமானியாகவும் கப்டனாகவும் உயரும் வழி அதனாலே திறந்தது.

இவ்வாழ்க்கையை மாணவர் முன் நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சான்றிதழ்களை அவர் இகழவில்லை. ஒவ்வொன்றையும் முறையாகத் தேர்வெழுதியே பெற்றார். ஆகவே, படிகளைத் தாண்டிக் குதிக்க நினைப்பவருக்கு அவர் வாழ்வில் ஆதரவு இல்லை. மற்றொரு புறம், பெற்ற பதவி எதனையும் அவர் தம் உடைமையாகக் கருதவுமில்லை. பெரிய பணி அழைத்தபோது சிறிய இருக்கையை விட்டு எழுந்தார். ஆதலின், பட்டை ஒன்று கூடிவிட்டதென்று மகிழ்ந்து ஓய்பவருக்கும் அவர் வாழ்வில் ஆதரவு இல்லை.

விமானத் தொழிலிலோ, ஆசிரியத் தொழிலிலோ, அலுவலகத்திலோ பதவி உயர்வை எதிர்நோக்கியிருக்கும் இளைஞர் தம்மைத்தாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். அப்பதவிக்கு வேண்டிய தகுதியை முழுமையாகப் பெற்றுவிட்டேனா என்பது ஒன்று. அப்பதவியில் அமர்ந்தபின் யாருடைய நலத்துக்குப் பொறுப்பேற்கப் போகின்றேன் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குத் தேர்வாளர் விடை சொல்வார். இரண்டாவதற்கு நாமே விடை சொல்லவேண்டும். அடிகள் சொன்ன விடை கல்லடி உப்போடையிலே கல்விக்கூடமாக நிற்கின்றது.