பிரித்துக் கற்ற மேதை

நுழையும் முன்

போர்ட் பிளேரின் மேட்டுச் சாலைகளில் ஏறிவரும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை உற்றுப் பாருங்கள். அதன் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். அவை அழகுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. இயந்திரத்தில் தோன்றும் வெப்பத்தைக் காற்றில் கலக்கச் செய்வதே அவற்றின் பணியாகும். இவ்வாறு காற்றினாலேயே குளிரும் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து அறிவியல் கற்றவர் ஜி. டி. நாயுடு. அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் வேட்கையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு, கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தார். வகுப்பறைக் கல்வியில் அவர் மனம் ஒன்றவில்லை. பள்ளிப் படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோயிற்று.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டி இளைஞர் துரைசாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது. அது போன்ற வண்டியைத் தாமும் வாங்க வேண்டும் என உறுதிகொண்டார். கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்தார். பின் அதே அதிகாரியைத் தேடிச் சென்று, அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றி மகிழ்வதே இளைஞர் இயல்பு. துரைசாமியோ அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாண்டு உழைப்பின் பயன் முழுவதும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அவ்வண்டி இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்யப்பட்டது. ஓர் உறுப்பு உடைந்தாலும் மாற்று உறுப்பு கடல் கடந்துதான் வரவேண்டும். மீண்டும் பூட்ட இயலாமற் போயிருந்தால் அவருக்கு எஞ்சியிருப்பது பழைய இரும்பு மட்டுமே. எனினும் அவர் அஞ்சவில்லை. பிரித்தார், பூட்டினார், அதன் இயக்கத்தைக் கற்றுத் தெளிந்தார்.

இயந்திரம் கற்பிக்கும் பாடம்

இத்தகைய இயந்திரத்தைப் பிரிப்பவர் முதலில் காண்பது சிலிண்டர் என்னும் உருளையை. அதனுள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். இரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன்தான். அந்த இடைவெளி குறைந்தால், வெப்பத்தால் விரியும் பிஸ்டன் உருளையைக் கவ்விக்கொண்டு ஓட்டத்திலேயே நின்றுவிடும். இடைவெளி மிகுந்தால் ஓசை எழும். எண்ணெய் எரிந்து புகை கிளம்பும். வண்டி மேடேறத் திணறும். அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் இயல்புடையது. ஆகவே வார்ப்பிரும்பு உருளையில் அலுமினியப் பிஸ்டனைப் பொருத்துவோர் அதற்கேற்ப இடைவெளியைக் கூட்டுவர்.

இன்றும் பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர் பளபளப்பைக் கண்டு பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பதில்லை. உருளையின் மேல், நடு, அடி ஆகிய இடங்களில் உள்விட்டத்தை அளப்பர். தேய்மானம் சீராக இல்லையெனில் பட்டறையில் போர் செய்து, அதாவது உட்புறத்தைச் சற்றே கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். தகடுகளில் விரிசல் உள்ளதா, பிஸ்டன் வளையங்கள் உருளையோடு செவ்வனே பொருந்துகின்றனவா என்றும் ஆராய்வர். புதியது எது என்பதைவிடப் பொருந்துவது எது என்பதே அங்கு வினா. அவ்வினாவுக்கு விடை அளவுகோலிலும் பொறுமையிலும் உள்ளது.

உயர்வும் தடைகளும்

வண்டியின் நுட்பம் அறிந்த நாயுடு, 1920ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைச் செய்தார். மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி முதலியவற்றையும் படைத்தார். பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வு செய்தார்.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியபோது நாயுடு அதன் முதல்வரானார். நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்கும். செய்முறைப் பயிற்சி மிகுந்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்று அவர் கருதினார். அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அது தொடங்கிய பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகிறது.

1952இல் எளிய மக்களும் வாங்கத்தக்க வகையில், இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறிய கார் ஒன்றை உருவாக்கினார். அதனைப் பெருமளவில் செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அறிவு இருந்தும் எல்லா முயற்சியும் வென்றுவிடுவதில்லை என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. எனினும் அவர் முயல்வதை நிறுத்தவில்லை. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

நமக்கு உரியது

மாணவர்களே! சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டிய ஓர் உறுப்புக்காகக் காத்து நிற்கும் வண்டிகளை நம் தீவுகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள். உப்புக் காற்று இரும்பை அரிப்பதையும் அறிவீர்கள். உங்கள் பெற்றோருள் சிலர் பட்டறைகளிலும் படகுத்துறைகளிலும் உழைப்பவர்கள். அவர்கள் ஓர் இயந்திரத்தைத் திறக்கும்போது அருகில் நின்று பாருங்கள். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் பணியையும் கேட்டறியுங்கள். பெரியோர் துணையின்றி எதனையும் கழற்றாதீர்கள். கழற்றியதை மீண்டும் பூட்டும் வரை விலகாதீர்கள்.

சொற்பொருள்

வேட்கை – பெருவிருப்பம்
செவ்வனே – முறையாக, நன்றாக
தேய்மானம் – தேய்ந்து குறைதல்
உரிமம் – தொழில் செய்ய அரசு தரும் இசைவு

பயிற்சி

1. துரைசாமி மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் சேர்த்தது எவ்வாறு?
2. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி குறைந்தால் என்ன நிகழும்? மிகுந்தால் என்ன நிகழும்?
3. நாயுடு கல்லூரி முதல்வர் பதவியைத் துறந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: மின்மோட்டார், இடைவெளி, பழச்சாறு.
5. உம் வீட்டாரிடமோ பட்டறையிலோ கேட்டறிந்து, ஏதேனும் ஐந்து இயந்திர உறுப்புகளின் பெயர்களையும் பணிகளையும் எழுதுக.