சேர் ராம் நாத் சோப்ரா (1882 – 1973)


இல்லாத குரல் காதில் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், பேய் பிடித்தது, செய்வினை என்று ஜிந்துப்பிட்டியிலும் சிலர் கூறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது மனச்சிதைவு நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோய் மூளையோடு தொடர்புடையது என்பதை விளங்கிக்கொள்ள உதவிய மூலிகையொன்றை ஆராய்ந்தவர் சோப்ரா.

இவர் 1882 இல் குஜ்ரன்வாலாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றார். 1921 இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பாடசாலையில் மருந்தியற் பேராசிரியரானார். நாட்டு மருந்துகளைக் கண்மூடி நம்பாமலும் ஒதுக்காமலும் ஆய்வுகூடத்தில் சோதிப்பதே இவரது வழியாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தாவின் வேர் கடும் மனக்குழப்பத்தைத் தணிப்பதாக 1931 இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் எழுதினர். 1933 இல் சோப்ரா குழுவினர் அவ்வேரிலிருந்து பெற்ற அல்கலோயிட்டின் செயலை ஆராய்ந்து வெளியிட்டனர். 1952 இல் சுவிற்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1954 இல் அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளருக்கு அது பயன்பட்டது. அது மூளையில் டொபமைனைக் குறைப்பதைச் சுவீடன் அறிஞர் கார்ல்சன் குழுவினர் பின்னர் காட்டினர். டொபமைன் சமநிலை குலைவது இந்நோய்க்கு ஒரு காரணம் என்னும் விளக்கத்துக்கு இது வழிவகுத்தது.

நினைவிற் கொள்க:
• பரம்பரையலகுகளும் கடும் மனஅழுத்தமும் இந்நோய்க்குப் பங்களிக்கின்றன. டொபமைன் மட்டுமே காரணமன்று.
• பக்கவிளைவுகளால் இன்று இந்நோய்க்கு ரெசர்பினுக்குப் பதிலாக வேறு மருந்துகளே வழங்கப்படுகின்றன. வேரை நீங்களாக உட்கொள்ளாதீர்கள்.
• உங்கள் வீட்டில் எவருக்கேனும் அறிகுறி தென்பட்டால் மறைக்காது, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் உண்டு.