தீப்பொறியும் எண்ணெய்த் துளியும்

பழைய மோட்டார் கார்களைக் கண்ணைப்போல் காத்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. வெளியே பார்த்தால் அதே பழைய கார்தான். அதே உருண்டை விளக்கு. அதே பெரிய ஸ்டியரிங் சக்கரம். ஆனால் சில கார்களில் முன்மூடியைத் தூக்கினால் ஒரு மாற்றம் தெரியும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் புதிய கருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். பெட்ரோலை அளந்து, துளித்துளியாகப் பீய்ச்சும் கருவி அது.

அதனுடன் கையகலத்தில் ஒரு சிறு திரையும் வருகிறது. என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன, எங்கே கோளாறு என்பதை எல்லாம் அது காட்டும்.

இந்தத் திரையை எங்கே வைப்பது? பழைய காரின் டாஷ்போர்டில் துளை போட்டால் அதன் அழகு கெட்டுவிடும். வைக்காமலே விட்டால் கோளாறு தெரியாது. கார்க்காரர்களுக்கு இது பெரிய கவலை.

எரிபொருளை அளந்து பீய்ச்சும் கருவியை வண்டிகளுக்கு ஏற்றபடி ஆயிரக்கணக்கில் செய்து, உலகெங்கும் பரவச் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் பாஷ். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் திரையை எங்கே வைப்பது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

விடுதிக்காரர் மகன்

ஜெர்மனியில் உல்ம் என்று ஓர் ஊர். அதன் அருகே ஆல்பெக் என்ற கிராமம். அங்கே 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி ராபர்ட் பாஷ் பிறந்தார். தந்தை விவசாயி, வழிப்போக்கர்கள் தங்கும் விடுதியும் நடத்தி வந்தார். அவருக்குப் பிள்ளைகள் 12 பேர். ராபர்ட் 11-வது பிள்ளை.

ரெயில் வந்தது. குதிரை வண்டிப் பயணம் குறைந்தது. விடுதித் தொழிலும் படுத்தது. 1869-ல் குடும்பம் உல்ம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

ராபர்ட்டுக்குப் பள்ளிப் படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. 15 வயதில் நுண்கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே சரியாகச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. அந்தக் குறை அவர் மனதில் ஆழப் பதிந்துவிட்டது. பின்னாளில் தன் தொழிற்சாலையில் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கத் தனிப் பட்டறையே வைத்தார்.

பல ஊர்களில் வேலை பார்த்தார். ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சில மாதம் மின்சாரப் பாடம் கேட்டார். 1884-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். மின்சார மேதை எடிசனின் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியில் சில காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

மூன்று பேர் பட்டறை

1886-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி ஸ்டுட்கார்ட் நகரில் சிறிய பட்டறை ஒன்றைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 25. தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து கிடைத்த 10 ஆயிரம் மார்க்தான் முதல். ஆட்கள் மூன்றே பேர். முதலாளி பாஷ், ஒரு தொழிலாளி, ஓர் எடுபிடிப் பையன்.

டெலிபோன் மாட்டுவார்கள். மின்சார மணி கட்டுவார்கள். எந்த வேலை வந்தாலும் செய்வார்கள். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க முதலாளியே சைக்கிளில் வீடு வீடாகப் போவார். மறைவில் இருக்கும் கம்பி இணைப்பைக்கூடச் சோதித்துப் பார்ப்பார். யார் கண்ணுக்கும் தெரியாத இடம்தானே என்று விட்டுவிட மாட்டார்.

ஆனாலும் தொழில் எளிதில் ஓடவில்லை. கடன் ஏறியது. ஆட்களைக் குறைக்க நேர்ந்தது. 10 ஆண்டுகளுக்கு மேல் தட்டுத் தடுமாறித்தான் நடந்தது.

பொறி தட்டியது

பெட்ரோல் என்ஜின் ஓட வேண்டுமானால் உள்ளே உரிய நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். அந்த நாளில் பல கார்களில் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய குழாயைக் கொண்டு பற்றவைத்தார்கள். பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு! ஆபத்துக்குக் கேட்க வேண்டுமா?

காந்தத்தின் உதவியால் தீப்பொறி உண்டாக்கும் மாக்னெட்டோ என்ற கருவியை பாஷ் 1887-லேயே செய்திருந்தார். அது மெதுவாக ஓடும் ஆலை என்ஜின்களுக்குத்தான் சரிப்பட்டது. 1897-ல் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டி பட்டறைக்கு வந்தது. அதன் என்ஜின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும்படி மாக்னெட்டோவைத் திருத்தி அமைத்தார்கள். அந்த யோசனை பட்டறையில் வேலை செய்த சாரிங்கர் என்பவருடையது.

1902-ல் ஹோனால்டு என்ற எஞ்சினீயர் இன்னும் சிறந்த மாக்னெட்டோவையும், அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் செய்து முடித்தார். இந்த ஹோனால்டு முன்பு பாஷிடமே தொழில் பழகிய பையன்!

அதன் பிறகு பாஷ் கம்பெனிக்கு ஏறுமுகம்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல கார்களில் அவருடைய மாக்னெட்டோ இடம்பிடித்தது.

8 மணி நேர வேலை

பணம் வந்ததும் பாஷ் தன் ஆட்களை மறக்கவில்லை. தொழிலாளர்கள் 10 மணி நேரம் உழைப்பது அப்போது சாதாரணம். பாஷ் 1906-ல் தன் தொழிற்சாலையில் 8 மணி நேர வேலையைக் கொண்டு வந்தார். மற்ற முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அவரைச் சிவப்புச் சட்டைக்காரர் என்கிற பொருள்பட ஏளனம் செய்தார்கள். 1913-ல் அவருடைய தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் நடந்தது. அது அவர் மனதைப் புண்படுத்தியது. ஆனாலும் 8 மணி நேர வேலையை அவர் கைவிடவில்லை.

பணம் போனாலும் போகட்டும், வாங்குகிறவரின் நம்பிக்கை போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

முதல் உலகப் போர் வந்தது. பாஷ் கம்பெனிக்குப் போரினால் பெருத்த லாபம். மனிதர் சாகும் காரியத்தில் வந்த காசை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை. சுமார் 2 கோடி மார்க்கைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார். நெக்கர் ஆற்றைக் கப்பல் போகும் கால்வாயாக மாற்றவும் அதில் பெரும் பகுதி போனது.

அதே போரில் அமெரிக்காவிலிருந்த அவருடைய தொழிற்சாலைகளை அந்த நாட்டு அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

மகன் மறைவு

அதைவிடப் பெரிய இழப்பு வீட்டில் காத்திருந்தது. அப்போது அவருக்கு ஒரே மகன். அவன் பெயரும் ராபர்ட். தந்தைக்குப் பின் தொழிலை ஏற்க வேண்டியவன். நரம்பு நோய் அவனைப் படுக்கையில் தள்ளியது. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. 1921-ல், 30 வயதில் மகன் மறைந்தான்.

அப்போது பாஷுக்குச் சுமார் 60 வயது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடச் சொத்து இருந்தது. இனி எதற்காக உழைப்பது என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் ஒதுங்கவில்லை. மறு ஆண்டே புதிய வேலை ஒன்றைத் தொடங்கினார். அதுவும் எப்படிப்பட்ட வேலை? தன் தொழிலுக்குத் தானே போட்டி உண்டாக்கும் வேலை!

தனக்கே போட்டி

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஸ்பார்க் பிளக் வேண்டாம். மாக்னெட்டோவும் வேண்டாம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடு உண்டாகும். டீசல் என்ஜினில் காற்றை மிகவும் நெருக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அது தானே பற்றிக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் 1913-லேயே மறைந்துவிட்டார். அவருடைய என்ஜினில் எண்ணெயை உள்ளே தள்ளப் பெரிய காற்று யந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. அதனால் ஆலைக்கும் கப்பலுக்கும்தான் அது பொருந்தியது. லாரியில் ஏற்ற முடியவில்லை.

லாரிக்கும் காருக்கும் டீசல் வந்துவிட்டால் மாக்னெட்டோ வியாபாரம் என்ன ஆகும்? பாஷுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வரப்போவதைத் தடுக்க முடியாது. நாமே அதை நன்றாகச் செய்து கொடுப்போம் என்று துணிந்தார்.

அது லேசான வேலை அல்ல. துளி எண்ணெயை, உரிய கணத்தில், காற்றின் அழுத்தத்தையும் மீறி, ஊசித் துளை வழியே பனிபோல் தூவ வேண்டும். கூடினால் கரும்புகை. குறைந்தால் வண்டி இழுக்காது. பம்பின் உள்ளே மேலும் கீழும் போகும் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமயிர்கூட அதனுள் நுழையாது!

ஐந்து ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1927-ல் பம்புகள் வரிசையாகத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. லாரிகள் டீசலில் ஓடின. 1936-ல் மெர்சிடிஸ் கம்பெனி டீசல் காரையே விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதிலும் பாஷ் பம்ப்தான்.

இருண்ட காலம்

ஹிட்லர் ஆட்சி வந்தது. பாஷுக்கு அது பிடிக்கவில்லை. யூதர்கள் தப்பிப் போகப் பண உதவி செய்தார். ஹிட்லரை எதிர்த்த கோர்டலர் என்பவருக்குத் தன் கம்பெனியில் ஆலோசகர் வேலை கொடுத்தார். ஆனால் அதே கம்பெனி ஹிட்லரின் படைக்குத் தளவாடமும் செய்து கொடுத்தது. பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட ஏராளமான பேர் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். அவர் வாழ்வின் மீது படிந்த இந்தக் கறையையும் சொல்லத்தான் வேண்டும்.

1940-ல் அவர் கொடுத்த பணத்தில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, 80-வது வயதில் பாஷ் காலமானார். அவர் விருப்பத்தையொட்டி, 1964-ல் கம்பெனியின் பெரும் பங்கு ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் போய்ச் சேர்ந்தது.

அவர் மறைந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 1951-ல் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவியுடன் இரண்டு சிறிய ஜெர்மன் கார்கள் காட்சிக்கு வந்தன. 1967-ல் மின்னணு மூளை பெட்ரோலை அளக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் மைகோ கம்பெனி தொடங்கியது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் அங்கே உருவாயின. லாரிப் பட்டறைகளில் மைகோ என்ற பெயர் பல்லாண்டு புழங்கியது.

திரையை எங்கே வைப்பது?

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

பழைய காரின் டாஷ்போர்டைத் துளைக்க வேண்டாம். சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணத்தின் இடத்திலோ, டாஷ்போர்டில் உள்ள சிறு பெட்டிக்குள்ளோ திரையை வைக்கலாம். வேண்டும்போது திறந்து பார்க்கலாம். வெயில் நேரே படும் இடம் ஆகாது. சாலையை மறைக்கும் இடமும் ஆகாது. அதன் கம்பியை ஸ்பார்க் பிளக் கம்பிகளுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது.

ராபர்ட் பாஷ் செய்த பொருள்களில் பெரும்பாலானவை இப்படி மறைவில் இருந்தவைதான். காரில் போகிறவர்கள் மாக்னெட்டோவைப் பார்த்ததில்லை. லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் பம்பைப் பார்த்ததில்லை. பார்க்காவிட்டாலும் அவற்றை நம்பிப் பயணம் போனார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் என்ன? வேலை சுத்தமாக இருந்தால் வண்டி ஊர் போய்ச் சேரும்.