நாவைப் பண்படுத்திய நல்லாசான் இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்)



திருமறையை முறையோடும் இனிமையோடும் ஓதுகின்ற ஒருவரின் குரல் செவியில் விழும்பொழுது உங்கள் உள்ளம் உருகுகின்றது. நம்மாலும் இவ்வாறு ஓத இயலாதா என்னும் ஏக்கமும் உடன் எழுகின்றது. ஆயினும், அழகிய குரலை இறைவன் அவருக்கு அருளியிருக்கின்றான், நமக்கு அது வாய்க்கவில்லை என்று கூறிக்கொண்டு அந்த ஏக்கத்தை அங்கேயே அடக்கிவிடுகின்றோம். இந்தச் சமாதானம் சரியானதுதானா?

இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக வைத்துச் சென்ற பெருமகனார் ஒருவர் உண்டு. அவர்தாம் இமாம் ஷம்சுத்தீன் முஹம்மது இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள். உங்கள் இல்லத்தில் ‘ஹிஸ்னுல் ஹஸீன்’ என்னும் துஆத் தொகுப்பு இருக்குமானால், அவர்களுடைய உழைப்பின் கனி ஒன்று முன்னரே உங்கள் கைக்கு வந்திருக்கின்றது. உங்கள் பிள்ளை மதரஸாவில் தஜ்வீத் பயில்வானானால், அவர்கள் வகுத்துத் தந்த பாடத்தின் சாரத்தையே அவன் படித்துக்கொண்டிருக்கின்றான்.

ஸம்ஸம் கிணற்றடியில் ஒரு வேண்டுதல்

டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள ஜஸீரத் இப்னு உமர் என்னும் ஊரே இவர்களுடைய முன்னோர்களின் ஊர். ‘ஜஸரீ’ என்னும் பெயர் அதனால் வந்தது. தந்தையார் டமாஸ்கஸ் நகரில் வாணிபம் செய்து வந்தவர். 40 ஆண்டுகள் மகப்பேறின்றி வாடியவர். ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், ஸம்ஸம் நீரை அருந்தி, கல்வியிற் சிறந்த ஓர் ஆண்மகவைத் தந்தருளுமாறு இறைவனிடம் இறைஞ்சினார். செல்வத்தைப் பெருக்கும் மகனை அந்த வணிகர் கேட்கவில்லை. ஆலிமாகும் மகனையே கேட்டார். அவ்வேண்டுதல் வீண்போகவில்லை. ஹிஜ்ரி 751-ஆம் ஆண்டு (கி.பி. 1350) ரமலான் பிறை 25-இன் இரவில், தராவீஹ் தொழுகை முடிந்த பின்னர், அந்த இல்லத்தில் குழந்தை பிறந்தது.

திருமறை இறங்கிய மாதத்தில் பிறந்த அக்குழந்தை 13-ஆம் வயதிலேயே திருமறை முழுவதையும் மனனம் செய்து முடித்தது. மறு ஆண்டு மக்களுக்கு முன்னின்று தொழுகை நடத்தும் தகுதியையும் பெற்றது.

மனனம் முடிந்ததும் மகிழ்ந்து அமைந்துவிடுவோர் பலர். இமாம் அவர்களுக்கோ அதுவே தொடக்கமாயிற்று. ஏனெனில் திருமறையை ஓதும் கலை ஏட்டைப் பார்த்து எய்தக் கூடியதன்று. ஆசிரியர் ஓத மாணவர் செவிமடுக்க வேண்டும். பின்னர் மாணவர் ஓத ஆசிரியர் செவிமடுத்துத் திருத்த வேண்டும். அந்த ஆசிரியரும் தம் ஆசிரியரிடம் அவ்வாறே கற்றிருத்தல் வேண்டும். இவ்வாறு வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்குமாகச் செல்லும் அந்தச் சங்கிலி, நாயகத் தோழர்கள் வழியாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரை சென்று முடிகின்றது. அதன் ஒவ்வொரு கண்ணியையும் தேடிப் பற்றிக்கொள்வதே அந்த இளைஞரின் வேட்கையாயிற்று.

ஆசானின் இறுதிப் பாடம்

டமாஸ்கஸ் நகரத்து ஆசான்களிடம் கற்ற பின்னர், ஹிஜ்ரி 769-இல், ஏறத்தாழ 18 வயதில், இமாம் அவர்கள் கெய்ரோ நகருக்குப் பயணமானார்கள். அங்கே அபூபக்ர் இப்னுல் ஜுந்தீ (ரஹ்) என்னும் முதுபெரும் ஆசானிடம், பல்வேறு கிராஅத் முறைகளையும் ஒருங்கே இணைத்துத் திருமறையைத் தொடக்கத்திலிருந்து ஓதிக் காட்டலானார்கள். சூரா சூராவாக ஓதி, 16-ஆம் அத்தியாயமாகிய ‘நஹ்ல்’ வரை வந்தார்கள். அதன் 90-ஆம் வசனத்தை எட்டிய நிலையில் ஆசான் உலக வாழ்வை நீத்தார்கள். மறைவதற்கு முன்னர், அந்த மாணவருக்குப் பிறருக்குக் கற்பிக்கும் இஜாஸத்தை வழங்கி, அதற்குச் சாட்சியும் வைத்துச் சென்றார்கள்.

அந்த வசனம் எது தெரியுமா? நீதியையும் நன்மையையும் உறவினருக்கு ஈவதையும் ஏவி, மானக்கேடானவற்றையும் தீமையையும் வரம்புமீறலையும் விலக்கும் வசனம். வெள்ளிக்கிழமை தோறும் குத்பாவின் நிறைவில் கதீப் ஓத நீங்கள் கேட்கும் வசனம் அதுவே. இன்று அதனைச் செவிமடுக்கும்பொழுது, கெய்ரோவில் ஆசானை இழந்து நின்ற அந்த இளைஞரையும் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மனம் தளரவில்லை. அந்நகரிலேயே வேறு ஆசான்களை நாடிச் சென்று தம் கல்வியைத் தொடர்ந்தார்.

அழகு எங்கே இருக்கின்றது?

இத்தனை ஆசான்களிடம் பயின்ற இமாம் அவர்கள் கண்ட உண்மை ஒன்றுண்டு. அதனைப் பிற்காலத்தில் தம் பெருநூலாகிய ‘அந்நஷ்ர்’ என்னும் நூலில் பதிவு செய்திருக்கின்றார்கள். தம் ஆசான்களில் சிலருக்கு இனிய குரல் இல்லை. இராக நுணுக்கங்களும் அவர்கள் அறியாதவை. ஆனால், ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்திலிருந்து, அதற்குரிய தன்மையோடு வெளிப்படுத்தத் தெரிந்தவர்கள். அவர்கள் ஓதத் தொடங்கினால் செவிகள் இன்புற்றன, உள்ளங்கள் வசமாயின. மக்கள் திரள் திரளாக வந்து குழுமினர். அரபு மொழி அறியாதாரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அதே வேளையில், குரல் வளமும் இசை ஞானமும் மிக்க சிலர் ஓதல் முறையிலிருந்து வழுவியமையால், மக்கள் அவர்களை விட்டு அகன்றனர்.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சியையும் இமாம் அவர்கள் கூறுகின்றார்கள். தம் ஆசான்களுக்கு ஆசானாக விளங்கிய தகிய்யுத்தீன் இப்னுஸ் ஸாயிஃ (ரஹ்) அவர்கள், ஒரு நாள் சுபுஹுத் தொழுகையில், சுலைமான் நபி (அலை) அவர்கள் ஹுத்ஹுத் பறவையைக் காணாது வினவிய வசனத்தை மீண்டும் மீண்டும் ஓதிக்கொண்டிருந்தார்கள். அப்பொழுது ஒரு பறவை இறங்கி வந்து, அவர்கள் தலைமீதமர்ந்து, ஓதி முடிக்கும் வரை கேட்டிருந்தது. பார்த்தோர் வியந்தனர். அது ஹுத்ஹுத் பறவையாகவே இருந்தது! தம் ஆசிரியர்கள் பலர் வாயிலாகவும் கேட்ட செய்தியாக இதனை அவர்கள் எழுதியிருக்கின்றார்கள்.

அழகாக ஓதுதல் என்பது வாயைக் கோணுவதோ, தாடையை முறுக்குவதோ, குரலை நடுக்கி இழுப்பதோ அன்று என்றும் இமாம் அவர்கள் தெளிவுறுத்துகின்றார்கள். வலிந்து செய்யும் செயற்கை எதுவுமின்றி, எளிமையாக, இயல்பாக, எழுத்துகளுக்குரிய உரிமையை வழங்கி ஓதுவதே அழகு. குரல் பிறப்பில் வருவது. இந்த அழகோ பயிற்சியில் வருவது. ஆகவே எனக்குக் குரல் இல்லை என்று எவரும் ஒதுங்கிவிட இடமில்லை.

புயலிடையே ஏந்திய விளக்கு

டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் பெருங்குவிமாடத்தின் கீழமர்ந்து இமாம் அவர்கள் பல ஆண்டுகள் திருமறை ஓதக் கற்பித்தார்கள். குர்ஆன் கல்விக்கென்று ஒரு மதரஸாவையும் அந்நகரில் நிறுவினார்கள். ஆனால் அவர்களுடைய காலம் அமைதியான காலமன்று. ஹிஜ்ரி 791-இல் டமாஸ்கஸ் முற்றுகைக்குள்ளாகி, நகர வாயில்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்த வேளையில், அந்த மதரஸாவில் இருந்துகொண்டுதான் ‘ஹிஸ்னுல் ஹஸீன்’ நூலை நிறைவு செய்தார்கள். ‘உறுதிமிக்க கோட்டை’ என்பது அதன் பொருள். பகைவர் சூழ்ந்த நகரில் இருந்தவர் துஆவைக் கோட்டையெனக் கண்டதில் வியப்பென்ன?

ஹிஜ்ரி 798-இல், மம்லூக் அரசின் அதிகாரிகளோடு ஏற்பட்ட வழக்கில் உடைமைகள் பறிமுதலாகவே, நாட்டைத் துறந்து உதுமானியரின் தலைநகராகிய புர்ஸாவை அடைந்தார்கள். சுல்தான் பாயஸீத் அவர்களை மதிப்போடு வரவேற்றார். வீடும் பொருளும் இழந்து வந்த அவர்கள் முடங்கிவிட்டார்களா? இல்லை. அடுத்த ஆண்டிலேயே, ஹிஜ்ரி 799-இல் (கி.பி. 1397), ஏறத்தாழ 1000 அறிவிப்பு வழிகளைத் திரட்டி, ‘அந்நஷ்ர்’ என்னும் அப்பெருநூலை எழுதி முடித்தார்கள். ஏழு கிராஅத்துகளே உறுதியானவை என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அபூ ஜஃபர், யஃகூப், கலஃப் ஆகிய மூன்று இமாம்களின் ஓதல்களும் அவற்றைப் போன்றே உறுதிவாய்ந்தவை என்பதை அவர்கள் நிறுவிக் காட்டினார்கள். பத்துக் கிராஅத்துகள் என்று இன்று உலகம் ஏற்றுப் போற்றுவது இதனையே. நீங்களும் நானும் ஓதுகின்ற, ஆஸிம் (ரஹ்) அவர்களிடமிருந்து ஹஃப்ஸ் (ரஹ்) அறிவித்த முறையும் அப்பத்தினுள் அடங்கும்.

கி.பி. 1402-இல் அங்காரா போரில் பாயஸீத் தோல்வியுற்றார். வெற்றி பெற்ற தைமூர், கல்விமான்களைத் தம் நாட்டில் திரட்டும் ஆவலினால் இமாம் அவர்களையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டார். கிஷ், சமர்க்கந்து ஆகிய நகர்களில் அவர்கள் இருக்க நேர்ந்தது. அங்கும் மாணவர்கள் அவர்களைச் சுற்றிக் கூடினர். அங்கும் ஓதல் ஒலித்தது. தைமூர் 1405-இல் மறைந்த பின்னர், ஹிராத், யஸ்து, இஸ்ஃபஹான் வழியாக ஷீராஸை அடைந்தார்கள். விருப்பமின்றியே அங்கு நீதிபதிப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. அங்கும் ஒரு குர்ஆன் கல்விக்கூடத்தைக் கட்டினார்கள். அரசர்கள் அவர்களை ஊர் விட்டு ஊர் கொண்டுசென்றனர். அவர்களோ சென்ற ஊரெல்லாம் திருமறையின் ஓதலைக் கொண்டுசென்றார்கள்.

எழுபது வயதைக் கடந்த பின்னர் மேற்கொண்ட ஹஜ்ஜுப் பயணத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். நஜ்துப் பாலைவனத்தில், இரவு நேரத்தில், கொள்ளையர் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். கைப்பொருள் யாவும் பறிபோயின. உயிர் தப்பியதே அரிதாயிற்று. குறித்த காலத்தில் ஹஜ்ஜுக்குச் சென்று சேரவும் இயலவில்லை. உனைஸா என்னும் ஊருக்குத் திரும்பிய அவர்கள், அந்தத் துயரத்தினிடையே, மூன்று கிராஅத்துகளை விளக்கும் ‘அத்துர்ரா’ என்னும் செய்யுள் நூலை இயற்றினார்கள். கொள்ளையர் கையில் அகப்படாத செல்வம் அவர்களுடைய நெஞ்சில் இருந்தது!

உங்கள் நாவும் ஓர் அமானிதம்

மாணவர்களுக்கென்று அவர்கள் இயற்றிய சிறு நூல் ‘முகத்திமா’. ‘ஜஸரிய்யா’ என்று வழங்கும் அது, நூறினும் சற்றே மிகுந்த ஈரடிச் செய்யுள்களைக் கொண்டது. எழுத்துகள் பிறக்கும் 17 இடங்களையும், அவற்றின் தன்மைகளையும், நீட்டும் இடங்களையும், நிறுத்தும் இடங்களையும் அது கற்பிக்கின்றது. உலகெங்கும் மாணவர்கள் இன்றும் அதனை மனனம் செய்கின்றனர்.

எழுத்தொலியில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்று நீங்கள் எண்ணக் கூடும். உங்கள் பிள்ளை முதலில் கற்பது ‘குல்’ சூராக்களை அல்லவா? அடிநாவிலிருந்து எழும் காஃபைக் கொண்டு ‘குல்’ என்றால், கூறுவீராக என்பது பொருள். அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மற்றொரு காஃபைக் கொண்டு அதே சொல்லைச் சொன்னாலோ, உண்பீராக என்று பொருள் மாறிவிடுகின்றது! தமிழிலே இவ்விரண்டிற்கும் ‘க’ என்னும் ஓரெழுத்தே உண்டு. அவ்விரு எழுத்துகளின் பெயர்களையும் ‘காஃப்’ என்றே எழுதுகின்றோம். ஆகவே, தமிழெழுத்தில் அச்சிட்ட யாஸீனை மட்டும் பார்த்து ஓதிப் பழகியவர், தாம் எங்கே வழுவுகின்றோம் என்பதைத் தாமே அறிய வழியில்லை. ஆசானின் செவி ஒன்றே அதனைக் காட்டித்தர வல்லது.

திருத்திக்கொள்ள இயன்றும், தன்னம்பிக்கையின் மிகுதியாலோ, மற்றொருவரிடம் சென்று கற்பதா என்னும் பெருமையினாலோ பிழையிலேயே நிலைத்திருப்பவர் குற்றவாளியே என்று இமாம் அவர்கள் உரைக்கின்றார்கள். முயன்றும் நா வளையாதவரும், கற்பிப்பார் கிடைக்காதவரும் மன்னிப்புக்குரியவர்கள். எவரையும் அவரவர் ஆற்றலுக்கு மேல் இறைவன் சோதிப்பதில்லை. தட்டுத் தடுமாறிச் சிரமப்பட்டு ஓதுவோருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே, தடுமாறுவது குற்றமன்று, முயலாதிருப்பதே குற்றம்.

பெண்மணிகளே! இது ஆடவருக்கு மட்டும் உரிய கல்வி என்று எண்ணிவிடாதீர்கள். இமாம் அவர்களின் அருமை மகளார் ஸல்மா, ஹிஜ்ரி 813-இல் திருமறையை மனனம் செய்யத் தொடங்கினார். தந்தையாரின் தஜ்வீத் நூலையும் மனனம் செய்தார். ஹிஜ்ரி 832-இல் பத்துக் கிராஅத்துகளிலும் திருமறையை ஓதி நிறைவு செய்தார். ஏறத்தாழ 19 ஆண்டுகள் நிகழ்ந்த பயிற்சி அது! அவ்வளவு பெரிய இமாமின் மகளுக்கே அத்தனை காலம் தேவைப்பட்டதென்றால், சில மாதங்களில் நாம் சோர்ந்துபோவது முறையாகுமா?

மகள் ஓதி நிறைவு செய்ததைக் கண்டு களித்த மறு ஆண்டில், ஹிஜ்ரி 833 ரபீவுல் அவ்வல் பிறை 5-இல் (கி.பி. 1429 டிசம்பர் 2), ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், இமாம் அவர்கள் ஷீராஸ் நகரில் வஃபாத்தானார்கள். ஹிஜ்ரிக் கணக்கில் அவர்களுக்கு வயது 81. பெரியோரும் பொதுமக்களும் முந்திக்கொண்டு ஜனாஸாவைச் சுமந்தனர். தாம் கட்டிய குர்ஆன் கல்விக்கூடத்திலேயே அவர்கள் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். இன்று உலகில் கிராஅத் இஜாஸத் பெறுவோரின் ஆசிரியச் சங்கிலிகள் பெரும்பாலும் அவர்களையே வந்தடைகின்றன.

அன்பர்களே! இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்புமுன், உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் அமர்ந்து அல்ஹம்து சூராவை ஒருமுறை ஓதிக் காட்டுங்கள். நாள்தோறும் ஐவேளைத் தொழுகையில் நீங்கள் ஓதும் அந்த ஏழு வசனங்கள் செம்மையாக இருக்கின்றனவா என்பதைக் கேட்டறியுங்கள். வயது ஆகிவிட்டதே என்று வெட்கப்படாதீர்கள். திருமறைக்கு முன் நாம் அனைவரும் மாணவர்களே.

எல்லாம் வல்ல அல்லாஹ், தன் திருமறையை உரிய முறையில் ஓதும் நாவையும், அதன்வழி ஒழுகும் நெஞ்சையும் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.