குழந்தையைக் கற்ற மருத்துவர்

நுழையும்முன்

ஆய்வு என்றதும் ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. தரையில் அமர்ந்து விளையாடும் மூன்று வயதுக் குழந்தையை ஆராய்வதற்கு எக்கருவி வேண்டும்? இவ்வினாவிற்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் தொடங்கிய அவரது தேடல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தொடர்ந்தது. குழந்தைக் கல்வியில் ஆய்வு செய்வது எவ்வாறு என்பதை அவரது வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

மருத்துவம் தந்த பார்வை

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். மகள் ஆசிரியராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகளோ மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆண்களோடு சேர்ந்து பெண் ஒருவர் உடற்கூறு பயில்வது தகாது எனக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே, மற்ற மாணவர்கள் சென்றபின் அவர் தனியே நின்று பயின்றார். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளியைக் கூர்ந்து நோக்குதல், கண்டதைக் குறித்தல், முடிவுக்கு விரையாதிருத்தல் ஆகிய பழக்கங்களை மருத்துவக் கல்வி அவருக்கு அளித்தது.

ஒதுக்கப்பட்டோரிடம் கற்ற பாடம்

மருத்துவப் பணியின்போது அவர் உரோமை நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்றார். மனவளர்ச்சி குறைந்தவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகள் அங்கே வெற்றறையில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் தேடி எடுப்பதைக் காப்பாளர் இழிவாகக் கருதினார். மாண்டிசோரியின் கண்களுக்கு வேறொன்று புலப்பட்டது. தொட்டுப் பார்க்கவும் கையாளவும் அவ்வறையில் ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் கைகள் வேலை தேடின.

தமக்கு முன்பே இத்துறையில் உழைத்த பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார்டு, செகுவின் ஆகியோரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு அறிய வேண்டும் என்பதற்காக அந்நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். 1900இல் அத்தகைய குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பகல் முழுவதும் குழந்தைகளோடு இருந்து, இரவில் குறிப்புகளைத் தொகுத்தார். அவரிடம் பயின்ற சில குழந்தைகள் ஏனைய குழந்தைகளோடு பொதுத்தேர்வு எழுதி வெற்றி பெற்றனர். அனைவரும் வியந்து பாராட்டினர். மாண்டிசோரிக்கோ ஐயம் எழுந்தது. ஒதுக்கப்பட்ட குழந்தைகளே இவ்வளவு முன்னேறக் கூடுமாயின், ஏனைய பள்ளிகளில் பயிலும் குழந்தைகளின் வளர்ச்சியைத் தடுத்து நிற்பது எது? வெற்றியைக் கொண்டாடாமல் அதிலிருந்து அடுத்த வினாவைக் கண்டெடுத்ததே அவரை ஆய்வாளராக்கியது. பணியிலிருந்து விலகிய அவர், உளவியலும் மானிடவியலும் பயிலும் மாணவியாக மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இவ்வாண்டுகளில் அவர் ஏற்ற துயரம் ஒன்றுண்டு. 1898இல் பிறந்த தம் மகன் மரியோவை, அக்காலச் சமூகக் கட்டுப்பாடுகளால் நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் விட்டுவைக்க நேர்ந்தது. பிறர் குழந்தைகளை அருகிருந்து நோக்கிய காலத்தில், அவருடைய குழந்தை தொலைவில் வளர்ந்தது. பிள்ளைப் பருவம் கடந்தபின்பே மகன் தாயிடம் வந்து சேர்ந்தார். பின்னர் அவரது பணிக்கு உறுதுணையானார்.

குழந்தைகள் இல்லம்

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமையில் உழைக்கும் எளிய மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த ஏறத்தாழ 50 சிறுவர் சிறுமியர் அங்குக் கூடினர். அவர்களுக்குப் பாடத்திட்டம் எதனையும் மாண்டிசோரி வகுக்கவில்லை. பொருள்களைத் தந்துவிட்டு, நிகழ்வதை உற்றுநோக்கினார்.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சிறு குழந்தைகளின் கவனம் ஒன்றில் நிலைக்காது என்பதே அன்றைய பொதுக் கருத்து. அதனைச் சோதிக்க எண்ணிய மாண்டிசோரி, மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடி ஆடச் செய்தார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேசைமீது வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்ட சிறுமி, அங்கும் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்குமேல் செய்தபின், உறக்கத்திலிருந்து விழித்தவள்போல மகிழ்ந்து நிறுத்தினாள்.

கண்டது ஒரு குழந்தையிடம் மட்டுமே. ஆகையால் மாண்டிசோரி உடனே முடிவு கூறவில்லை. அதே ஆழ்ந்த ஈடுபாடு பிற குழந்தைகளிடமும் தோன்றுகிறதா எனக் காத்திருந்து கண்டார். மற்றொரு நாள் ஆசிரியை வரத் தாமதமானது. பூட்ட மறந்திருந்த அலமாரியிலிருந்து குழந்தைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தனர். ஆசிரியை இதனைக் குற்றமாகக் கருதினார். மாண்டிசோரியோ இதனைத் தேர்ந்தெடுக்கும் திறனுக்குச் சான்றாகக் கொண்டார். உயர்ந்த அலமாரி நீங்கி, குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான அடுக்குகள் வந்தன. இவ்வாறு ஒவ்வொரு நோக்கலும் வகுப்பறையை மாற்றியது. மாறிய வகுப்பறை புதிய நோக்கலுக்கு வழிவகுத்தது. இவ்வனுபவங்களைத் தொகுத்து 1909இல் அவர் வெளியிட்ட நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

தமிழ்நிலத்தில் ஏழாண்டுகள்

குழந்தையின் உரிமையைப் பேசிய அவரது கல்விமுறை, கீழ்ப்படிதலை மட்டுமே விரும்பிய ஆட்சியாளர்களுக்கு உகந்ததாக இல்லை. 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் தாய்நாட்டைப் பிரிந்தார்.

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில், 69ஆம் அகவையில் மகன் மரியோவுடன் அவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் நடந்த பயிற்சியில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் பங்கேற்றனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்களில் திரும்புவதே திட்டம். ஆனால், 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசு மரியோவை அகமது நகர் முகாமில் சிறைவைத்தது. மாண்டிசோரி அடையாற்றைவிட்டு வெளியேறத் தடை விதித்தது. இரு மாதங்களுக்குப்பின், அவரது எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார்.

நாடு திரும்ப இயலாத அக்காலத்தையும் அவர் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1942 முதல் கொடைக்கானலில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளியை நடத்தினார். செடிகொடிகளும் சிற்றுயிர்களும் பாடப்பொருள்களாயின. அவரது கவனம் கைக்குழந்தைகளின் பக்கமும் திரும்பியது. தாய் செல்லுமிடமெல்லாம் உடன்செல்லும் குழந்தை, யாரும் கற்பிக்காமலேயே மொழியையும் பழக்கவழக்கங்களையும் தனதாக்கிக் கொள்வதை அவர் சிந்தித்தார். இந்தியாவில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் உருவான, உள்வாங்கும் மனம் எனப் பொருள்படும் ஆங்கில நூல் 1949இல் சென்னையில் வெளியானது. 1946இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது, ஆயிரத்திற்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர்.

ஆய்வு தொடர்கிறது

மாண்டிசோரியின் முறையை மறுத்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914இல் எழுதிய நூலில், அவருடைய கருவிகள் குழந்தையின் கற்பனைக்குப் போதிய இடம் தரவில்லை எனக் குறைகூறினார். தம் பள்ளிக் குழந்தைகளை வேறு பள்ளிக் குழந்தைகளோடு முறையாக ஒப்பிட்டு அளக்கும் ஆய்வை மாண்டிசோரி மேற்கொள்ளவில்லை என்பதும் உண்மையே. அக்குறையைப் பின்வந்தோர் நிரப்பினர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குலுக்கல் முறையில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் பெற்ற குழந்தைகளையும் இடம் கிடைக்காத குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியானது. குலுக்கல் என்பதால் பெற்றோரின் விருப்பம் இரு குழுவினருக்கும் ஒன்றே, ஒப்பீடும் நேர்மையானதாயிற்று. மாண்டிசோரிப் பள்ளியில் பயின்ற ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் பிறரோடு பழகும் திறனிலும் மேம்பட்டிருந்தனர். உற்றுநோக்கல் வினாவை எழுப்புகிறது; ஒப்பீடு விடையைச் சோதிக்கிறது. ஆய்வுக்கு இரண்டும் வேண்டும்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மாண்டிசோரி மறைந்தார். குழந்தை ஒன்றைச் செய்யும்போது தடுக்கவோ திருத்தவோ முந்தாமல், அது ஏன் அவ்வாறு செய்கிறது எனப் பொறுத்திருந்து காணும் பெரியவர் ஒவ்வொருவரிடமும் அவரது ஆய்வு தொடர்கிறது.

தெரிந்து தெளிவோம்

குஜராத்தைச் சேர்ந்த வழக்குரைஞர் கிஜுபாய் பதேகா, மாண்டிசோரியின் நூலைப் படித்தபின் தம் தொழிலைவிட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தார். 1920இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கி, கதை, நாட்டார் பாடல், நாடகம் ஆகியவற்றை இணைத்து அம்முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப வளப்படுத்தினார்.

கற்பவை கற்றபின்

1. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என நீங்கள் வாழும் பகுதி எதுவாயினும், அருகிலுள்ள அங்கன்வாடிக்கு உரிய இசைவுடன் சென்று, ஒரு குழந்தையின் செயல்களை இருபது நிமிடம் இடையூறின்றி உற்றுநோக்குக. கண்டதை ஒரு பக்கத்திலும், அதுபற்றி நீங்கள் கருதியதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுக.

2. ஒரே நிகழ்வை ஆசிரியை குற்றமாகவும் மாண்டிசோரி திறனாகவும் கண்டதற்குரிய காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.