மண்டைக்குள் ஏறும் பிரஷர்: யார் இந்த டாக்டர் ராமமூர்த்தி?

மடத்துக்குளம் பக்கம் உடுமலை - பழனி ரோட்டில், நைட் ஷிஃப்ட் முடிச்சு பைக்கில் வர்ற ஒருத்தர் ஹெல்மெட் இல்லாம விழுந்து, தலையில் அடின்னு வைங்க. மூளை வீங்கிட்டா, பெரிய ஆஸ்பத்திரியில் அநேகமா ஏத்துற மருந்து மானிடால். ஆனா 1950-ல் அப்படி ஒரு வசதியே கிடையாது. சி.டி. ஸ்கேனும் இல்லை. அந்த வருஷம்தான் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார் பி.ராமமூர்த்தி.

சீர்காழி டு சென்னை

1922 ஜனவரி 30-ல் சீர்காழியில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சு, 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடிச்சார். இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சை கற்றார். 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் இவரும் ஒருவர்.

பிரஷர் ஏன் ஆபத்து?

மண்டை ஓடு விரியாது. உள்ளே மூளை வீங்கினா, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு நசுங்கும், உயிரே போகலாம். அன்று டாக்டர்கள் மண்டையில் துளை போட்டு நீரை வெளியேற்றினாங்க. அடர்த்தியான உப்பு நீரை நரம்பில் ஏத்தினா மூளை சுருங்கும்னு 1919-லேயே அமெரிக்காவில் கண்டுபிடிச்சாச்சு. ஆனா பலன் கொஞ்ச நேரம்தான். 1950-களில் யூரியா வந்தது. 1960-களில் மானிடால் அந்த இடத்தைப் பிடிச்சது.

உப்பு போட்ட மாங்காய் தண்ணி விடுற மாதிரி, மானிடால் ரத்தத்தில் கலந்ததும் மூளையின் நீர் ரத்தத்துக்கு இழுக்கப்படும். பிறகு சிறுநீராகப் போயிடும். அரை மணி நேரத்துக்குள்ளேயே பலன் தெரியும். ஆனா இது நேரம் வாங்கித் தரும் மருந்து மட்டுமே. ரத்தக்கட்டி இருந்தா ஆபரேஷன்தான் தீர்வு. ரத்த அழுத்தம், உப்பு அளவு, கிட்னி மூணையும் கவனிச்சே கொடுக்கணும்.

விட்டுச் சென்றது

அந்த ஆபரேஷனைச் செய்ய ஆள் வேணுமே? ராமமூர்த்தியின் பெரிய சாதனை அதுதான். சென்னையில் அவர் பல தலைமுறை நிபுணர்களை உருவாக்கினார். 1973-ல் பத்மபூஷண். ஓய்வுக்குப் பிறகு அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் நரம்பியல் மையம் அமைத்தார். 2003 டிசம்பர் 13-ல் காலமானார்.

தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, அதிக தூக்கம், குழப்பம் இருந்தா, தூங்கி எழுந்தா சரியாகிடும்னு விடாதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.